கோடையில் கடல் தூண்டில்: உள்ளூர் மீனவர் துணையோடு போக நினைப்பவர்களின் கேள்விகள்

பழவேற்காட்டிலிருந்து சென்னை, கோவளம், மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரி, கடலூர் வரைக்கும் சித்திரை பிறந்தால் ராட் (தூண்டில் கோல்) தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கூட்டம் கூடிவிடும். வருகிறவர்களில் பெரும்பாலோர் நகரத்துக்காரர்கள். அவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகிறவர்கள் குப்பத்து மீனவர்கள். இந்த இரண்டு தரப்பும் ஒரே படகில் ஏறும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து ரீல் (கோலில் தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி) வாங்கினாலும் சரி, கோடைக் கடலில் மீனைக் காட்டுவது உடன் வரும் மீனவரின் அறிவுதான். அதற்குரிய மரியாதையையும் கூலியையும் கொடுத்துப் போக வேண்டும்.

கோடையில் மீன்பிடித் தடைக்காலம் ஆயிற்றே, கடலுக்குப் போகலாமா?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. தமிழ்நாட்டில் 2001-இல் இது தொடங்கியபோது 45 நாளாக இருந்தது. 2017 முதல் 61 நாளாயிற்று. தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான். கட்டுமரம், நாட்டுப்படகு, ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் வழக்கம்போலத் தொழிலுக்குப் போகிறார்கள். உங்களைக் கூட்டிப்போவதும் அந்த ஃபைபர் படகுதான்.

இழுவைப் படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் இந்த இரண்டு மாதத்தில் கரையோரக் கடலின் தன்மையே மாறுகிறது. அடிமண்ணை வாரிக்கொண்டு போகும் மடி (இழுவை வலை) இல்லாததால் தண்ணீர் தெளிகிறது, பார்களின், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளின், ஓரத்தில் மீன் தங்குகிறது. தூண்டில்காரர்களுக்குக் கோடை பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் தடை எதற்காக வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. பல மீன் இனங்கள் முட்டையிடும் காலம் இது. பிடித்ததையெல்லாம் ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதற்கான காலமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைப் பற்றிக் கீழே விரிவாகவே சொல்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்தப் பக்கம் போகிறவர்கள் தேதியைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எந்த நேரத்தில் கிளம்ப வேண்டும்?

விடிவதற்கு முன். நாலு, நாலரைக்குக் கரையில் நின்றால் சரியாக இருக்கும். பத்து, பதினொன்றுக்குள் திரும்பிவிட வேண்டும்.

இரவு முழுவதும் தரை குளிர்வதால் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் அப்போது தட்டையாகக் கிடக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, நண்பகல் வாக்கில் கடற்காற்று திரும்பும். அந்தக் காற்று வலுத்ததும் சிறிய படகில் நிற்பதே சிரமம், ராட் வீசுவது இன்னும் சிரமம். சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்னும் பின்னும்தான் மேல்தண்ணீரில் மீன் இரை துரத்தும் என்பது இன்னொரு காரணம். ஆறரை மணிக்கு வந்து நின்று "இப்போ போலாமா அண்ணா?" என்று கேட்டால், பாதி வேட்டை முடிந்தே போயிருக்கும்.

வழிகாட்டி கரையில் நின்று வெகுநேரம் கடலையே பார்க்கிறார். எதைப் பார்க்கிறார்?

முதலில் அலை. ஃபைபர் படகை மணலிலிருந்து தள்ளி இறக்கும் கரைகளில், அலை உடையும் இடத்தைத் தாண்டுவதுதான் மொத்தப் பயணத்திலும் ஆபத்தான பகுதி. பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வுக்காகத்தான் காத்திருக்கிறார். அவர் "ஏறு" என்று சொல்லும்வரை ஏறக் கூடாது. சொன்னதும் ஒரு நொடி தாமதிக்கக் கூடாது.

அடுத்து வெள்ளம், அதாவது நீரோட்டம். சென்னையை ஒட்டிய குப்பங்களில் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் சொல்வார்கள். கோடையில் பெரும்பாலும் தெண்டிதான். தெண்டி அளவாக ஓடினால் பார் ஓரத்தில் மீன் நகரும். வலுத்துவிட்டால் ஜிக் (கனமான உலோகப் போலி இரை) அடியில் நிற்காது, நரம்பு வில்லாக வளைந்து எங்கேயோ போய்விடும். இதைக் கரையிலிருந்தே அவர் ஊகித்துவிடுவார், முதல் பத்து நிமிடத்தில் உறுதியும் செய்துகொள்வார்.

கோவளத்தில் நான் வழக்கமாகப் போகும் அண்ணன் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஈயக்குண்டு கட்டிய தங்கூசியை (நைலான் நரம்பை) ஆள்காட்டி விரலில் லேசாகப் படுக்கவைத்து இறக்குவார். கண் தண்ணீரில் இருக்காது, கரையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் அதற்குப் பின்னால் தெரியும் கட்டடத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டும் ஒரே கோட்டில் வருகிற இடம் அவருக்குக் கணக்கு. ஈயம் தொட்டதும் விரல் ஒருமுறை நிமிரும். "சேறு" என்பார். எஞ்சின் போட்டு முப்பது, நாற்பது அடி நகர்ந்து மறுபடி இறக்குவார். "மண்ணு." இன்னும் கொஞ்சம். ஈயம் 'டக்' என்று விரலில் தட்டும். "பார். இங்கே போடு." மீன் காட்டும் கருவி வைத்திருந்த நண்பர் திரையைப் பார்த்தார், அடித்தளம் அங்கேதான் மேடு தட்டியிருந்தது. எத்தனை பாகம் ஆழம் என்பதையும் அண்ணன் கையால் அளந்தே சொல்லிவிட்டார். ஒரு பாகம் என்பது ஏறக்குறைய ஆறடி.

நல்ல வழிகாட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இணையத்தில் பெரிய மீனோடு நிற்கும் படத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரு மாலை அந்தக் கரைக்குப் போங்கள். படகுகள் நிற்கும் இடத்தில் வலை சரிசெய்துகொண்டிருப்பவர்களிடம் "தூண்டில் போடுறவங்களை யார் கூட்டிப்போறாங்க?" என்று கேளுங்கள். ஊரே இரண்டு மூன்று பெயரைத்தான் சொல்லும். அந்தப் பெயர்களை நம்பலாம்.

பிறகு அவரிடம் சில விஷயங்களைத் தயங்காமல் கேளுங்கள். படகில் எத்தனை உயிர்க்கவசம் இருக்கிறது? எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஏற்பாடு? வெளியாட்கள் எத்தனை பேரை ஏற்றுவார்? ஃபைபர் படகில் மூன்று, அதிகம் போனால் நாலு தூண்டில்காரர்கள். அதற்கு மேல் ஏறினால் ராட் வீசும்போது ஒருவர் தூண்டில் முள் இன்னொருவர் காதில் மாட்டும்.

நான் முக்கியமாகப் பார்ப்பது ஒன்றுதான்: அவர் எப்போதாவது "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்கிறாரா? கடல் சரியில்லாத நாளில் பணத்தை விட்டுக்கொடுத்து உங்களைத் திருப்பி அனுப்புகிற மீனவர்தான் நல்ல வழிகாட்டி. முன்பணம் வாங்கிவிட்டோமே என்று எந்தக் கடலிலும் இறக்குகிறவரிடம் போக வேண்டாம். அதேபோல, நீங்கள் விடுமுறை போட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி அவரை நெருக்கவும் வேண்டாம்.

கட்டணம் எவ்வளவு? பேரம் பேசலாமா?

ஊருக்கு ஊர், தூரத்துக்குத் தூரம் மாறும். அதனால் ஒரு தொகையைச் சொல்வதைவிட அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்குகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. எரிபொருள் ஒன்று. படகில் வரும் இரண்டாவது ஆளின் கூலி ஒன்று. மீன்பிடித் தொழிலில் வருமானம் பங்காகப் பிரியும். படகுக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று. உங்களோடு வரும் நாளில் வலை போட்டிருந்தால் கிடைத்திருக்கும் மீனை இவர்கள் எல்லோரும் இழக்கிறார்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அவர் கேட்கும் தொகை பெரிதாகத் தெரியாது.

எரிபொருள் சேர்த்தா சேர்க்காமலா, எத்தனை மணி நேரம், கடல் கெட்டு இடையில் திரும்பினால் எவ்வளவு, இரையும் ஐஸும் யார் செலவு என்பதை முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள். கரைக்கு வந்த பிறகு பேரம் பேசுவது அசிங்கம். இடைத்தரகர் மூலம் போகிறீர்கள் என்றால், படகுக்காரர் கைக்கு எவ்வளவு போகிறது என்று நேராகவே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. பல கரைகளில் வெயிலில் நிற்கிறவருக்குக் குறைவாகவும் தொலைபேசியில் பேசுகிறவருக்கு அதிகமாகவும் போகிறது.

மீன்பிடிப் படகில் வெளியாட்கள் போவது சட்டப்படி சரியா?

மீன்பிடிப்புக்கான பதிவு வேறு, பயணிகளை ஏற்றுவதற்கான அனுமதி வேறு. எனவே முறையான அனுமதியோடு படகு நடத்துபவர்கள் இருக்கும் இடங்களில் அவர்களோடு போவதே நல்லது. படகுக்காரரிடம் அவருடைய பதிவும் அனுமதியும் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டை கட்டாயம் கையில் இருக்க வேண்டும். கடலோரக் காவல் நிலையத்துக்காரர்கள் கேட்பார்கள். யார் யார் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடலும், துறைமுகக் கால்வாய்களும் போகக் கூடாத இடங்கள். அந்தப் பக்கம் ட்ரோன் பறக்கவிடும் ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கோடையில் என்ன மீன் கிடைக்கும்?

முகத்துவாரமா, கரையோரக் கடலா, வெளிக்கடலா என்பதைப் பொறுத்தது.

முகத்துவாரத்தில் கொடுவாதான் ராஜா. பழவேற்காடு ஏரி வாய், முட்டுக்காடு, புதுச்சேரி அரியாங்குப்பம் ஆறு என்று தண்ணீர் உப்பும் நன்னீருமாகக் கலக்கும் எல்லா இடங்களிலும் உண்டு. பாலத்தூண், பாறைக்கொட்டு, மூழ்கிக் கிடக்கும் மரம் என ஒரு மறைவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். ஏத்தமும் வத்தமும் (கடல்நீர் ஏறுவதும் இறங்குவதும்) மாறுகிற நேரத்தில், தண்ணீர் ஓடத் தொடங்கியதும் எடுக்கும். சென்னைப் பக்கம் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாளிலேயே ஒரு மீட்டர் அளவுதான். ஆகவே தண்ணீர் ஓடுகிற நேரத்தைக் கோட்டைவிட்டால் அன்றைய நாள் போச்சு. கோடையில் இன்னொரு சிக்கலும் உண்டு: மணல் அடைத்து முகத்துவாரமே மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் உள்ளே தண்ணீர் ஓடாது, மீனும் சோம்பிக் கிடக்கும். வாய் திறந்திருக்கிறதா என்று உள்ளூர்க்காரரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கரையோரத்தில் பாறை மீன் வகைகள், தோல்பாறை, சீலா. நெத்திலியும் சாளையும் கூட்டமாக வந்தால் மேலே ஆலாப் பறவைகள் விழுந்து விழுந்து எழும். அதைக் கண்டதும் படகைக் கூட்டத்துக்குள் ஓட்டச் சொல்லிக் கத்தாதீர்கள். அனுபவப்பட்டவர் எஞ்சினை முன்கூட்டியே தணித்து, கூட்டம் நகரும் திசைக்கு முன்னால் போய் நிற்பார். கூட்டத்தின் ஓரத்தில் பாப்பரை (மேல்தண்ணீரில் சத்தம் எழுப்பும் போலி இரை) வீசினால் போதும். பாறை மீன் பாப்பரை அடிக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் அதற்காகவே அடுத்த வருடமும் வருவார்கள்: தண்ணீர் ஒரு முழத்துக்கு வெடித்து எழும், லூர் (போலி இரை) காணாமல் போகும், ரீல் அலறத் தொடங்கும்.

பார்களிலும், மீன்வளத்துக்காகக் கடலடியில் போட்டிருக்கும் செயற்கைப் பார்களிலும் களவா, விளமீன், சங்கரா. வெளிக்கடலில் வஞ்சிரம், சூரை, கடல் விரால். அதிர்ஷ்டம் இருந்தால் முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு மயில் மீன்.

ஊர் மாறினால் பெயரும் மாறும், அதைக் கவனித்துப் பேசுங்கள். சென்னையில் வஞ்சிரம் என்பது தூத்துக்குடியில் சீலா, கன்னியாகுமரியில் நெய்மீன். சென்னையின் சீலா தூத்துக்குடியில் ஊளி.

சொந்த ராட், ரீல் கொண்டுபோக வேண்டுமா?

இருந்தால் கொண்டுபோங்கள். பெரும்பாலான மீனவ வழிகாட்டிகளிடம் கைத்தூண்டில்தான் இருக்கும். அதில் பிடிப்பதும் அருமையான அனுபவம். மீன் இரையை முகர்ந்து பார்ப்பதுகூட விரலில் தெரியும். விரலுக்கு உறையோ துணியோ சுற்றிக்கொள்ளாமல் பிடித்தால் நரம்பு தோலை அறுத்துவிடும்.

முகத்துவாரத்துக்கு ஏழடி ராட், 15 முதல் 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), 30 அல்லது 40 பவுண்டு லீடர் (அதன் முனையில் கட்டும் தடித்த நரம்பு), நாலைந்து அங்குல லூர் போதும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி, அதனால் லீடர் மெலிந்து போக வேண்டாம். கடலுக்கு இதைவிடக் கனமான செட். சீலாவும் வஞ்சிரமும் நரம்பைக் கடித்துத் துண்டிக்கும் என்பதால் முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் கம்பி. ஜிக் 40 கிராமிலிருந்து 100 கிராம் வரை சிலதை வைத்துக்கொண்டால் வெள்ளத்துக்குத் தக்கபடி மாற்றலாம். உப்புத் தண்ணீரில் போன எல்லாவற்றையும் அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கடையில் இருப்பதையெல்லாம் வாங்கிக் குவிக்க வேண்டாம். முதல் பயணத்தில் மீனவர் தரும் தூண்டிலில் உயிர் இறாலைக் கோர்த்துப் போடுங்கள். எது பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.

பிடித்த மீனை விட்டுவிடத்தான் வேண்டுமா? காசு கொடுத்துத்தானே போகிறோம்?

எல்லாவற்றையும் விடச் சொல்லவில்லை. வீட்டில் அன்றைக்குச் சமைக்கும் அளவுக்கு நடுத்தர மீன் ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மீனைத் திருப்பி விடுங்கள் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன், கோடையில் இன்னும் அழுத்தமாக.

கொடுவா ஆணாகவே பருவமடையும். பல ஆண்டுகள் வளர்ந்த பிறகுதான் பெண்ணாக மாறும். ஆக, கையில் தூக்கிப் படம் எடுக்க ஆசை வரும் அளவுக்குப் பெரிய கொடுவா என்றால் அது அநேகமாகப் பெண், லட்சக்கணக்கில் முட்டையிடும் தாய். முகத்துவாரத்தை ஒட்டிய உப்புத் தண்ணீரில்தான் அது முட்டையிடும். நீங்கள் தூண்டில் போடுவதும் அதே இடத்தில். முட்டுக்காட்டில் இருக்கும் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1997-இல் கொடுவாவைத் தொட்டியில் வைத்து முட்டையிடச் செய்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல்முறை. அவ்வளவு உழைத்துச் செய்ததை, அதே முட்டுக்காட்டு உப்பங்கழியில் ஒரு தாய்க் கொடுவா யார் உதவியும் இல்லாமல் செய்துவிடும், நாம் விட்டுவைத்தால்.

களவாவில் இது தலைகீழ். முதலில் பெண், வளர்ந்த பிறகு ஆண். ஒரு பாரில் இருக்கும் பெரிய களவாக்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால், அந்த இடத்தில் ஆணே குறைந்துபோகும். பாறை மீனும் களவாவும் வருடக்கணக்கில் ஒரே இடத்தைச் சுற்றி வாழக்கூடியவை. உங்கள் வழிகாட்டி அந்தப் பாருக்கு அடுத்த கோடையிலும் ஆட்களைக் கூட்டிவர வேண்டும், அவர் பிள்ளையும் அங்கே தூண்டில் போட வேண்டும்.

சில வழிகாட்டிகளுக்கு மீனை விடுவது மனதுக்கு ஒப்பாது. அவர்களுக்கு மீன் என்றால் வருமானம், அதில் தவறொன்றும் இல்லை. கிளம்பும் முன்பே "அண்ணா, பெருசு வந்தா விட்டுடலாம், அதோட விலையை நான் சேர்த்துக் கொடுத்துடறேன்" என்று பேசிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். அவர் வயிற்றில் அடித்துவிட்டு நாம் இயற்கை ஆர்வலர் பட்டம் வாங்கக் கூடாது.

சரி, விடுவதென்றால் எப்படி விடுவது?

கோடையில் மேல்தண்ணீர் 30 டிகிரியைத் தொடும். சூடான தண்ணீரில் உயிர்வளி குறைவு, அதனால் மீன் சீக்கிரம் களைத்துப் போகும். விளையாட்டாக நீட்டிக்கொண்டே போகாமல், தாங்கும் அளவுக்குக் கனமான நரம்பு கட்டி விரைவாக இழுத்துவிடுங்கள்.

மும்முள் கொக்கிகளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போட்டு, அதன் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். காய்ந்த கை மேல்தோலின் வழவழப்பை உரித்துவிடும். வெயிலில் காய்ந்த படகுத் தட்டில் போடவே கூடாது, அது தோசைக்கல். ஈரச் சாக்கை விரித்து வையுங்கள். பெரிய மீனைத் தாடையில் தொங்கவிட்டுப் படம் எடுக்காமல், வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்துப் படுக்கை வாக்கில் தூக்குங்கள். நீங்கள் மூச்சை அடக்கிக்கொள்ள முடிகிற நேரம்தான் மீனுக்கும் கெடு.

ஆழத்திலிருந்து வரும் களவாவுக்கும் விளமீனுக்கும் காற்றுப்பை உப்பி, வயிறு வாய் வழியாகப் பிதுங்கி நிற்கும். அதைக் குத்தி உடைக்கக் கூடாது. அது காற்றுப்பை இல்லை, இரைப்பை. கீழுதட்டில் எடைகட்டிய கொக்கியை மாட்டி ஆழத்துக்கு இறக்கி விடுவித்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. அப்படி இறக்கிவிட வசதி இல்லாத நாளில், ஒன்றிரண்டு கிடைத்ததும் ஆழப் பாரில் போடுவதை நிறுத்திவிட்டு மேல்தண்ணீர் மீனைத் தேடிப் போங்கள்.

பிடிக்கவே கூடாதவை எவை?

கடலாமை, திமிங்கலச் சுறா, வேளா சுறா, கடற்குதிரை, கடல் அட்டை, ராட்சதக் களவா ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பவை. தவறி மாட்டினால் படகுக்குள் ஏற்றாமல் தண்ணீரிலேயே விடுவியுங்கள். பங்குனி ஆமை முட்டையிட வரும் பருவத்தின் கடைசியும் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் காலமும் கோடைத் தொடக்கத்தில் வருகின்றன. படகோட்டத்தில் லூரை இழுத்துப் போகிறவர்கள் முன்னால் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

மன்னார் வளைகுடா, ராமேஸ்வரம் பக்கம் போகலாமா?

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறையும் கடற்புல்லும் நிறைந்த இடம், அங்கே தூண்டில் போடக் கூடாது. பாக் நீரிணைப் பக்கம் 2022-இல் கடற்பசுவுக்கான காப்பகம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதோடு, இலங்கையுடனான கடல் எல்லை அங்கே மிக அருகில். எல்லை தாண்டியதாகக் கைதாகும் மீனவக் குடும்பங்களின் துயரத்தை நாம் அறிவோம். பொழுதுபோக்குக்காக வந்த நம்மால் அந்த ஆபத்து ஒருவருக்கும் நேரக் கூடாது. உள்ளூர்க்காரர் "இதுக்கு மேல வேண்டாம்" என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வாந்தி வந்தால்?

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். அவோமின் போன்ற மாத்திரை போடுவதென்றால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை. அதில் தூக்கம் வரும், திரும்பும்போது வண்டி ஓட்ட வேண்டாம். படகில் தொடுவானத்தைப் பாருங்கள், குனிந்து முடிச்சுப் போடுவதை மீனவரிடம் விட்டுவிடுங்கள். வாந்தி வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, காற்று போகும் பக்கமாகத் திரும்பி எடுத்துவிடுங்கள்.

வெயிலுக்கு என்ன செய்வது?

முழுக்கை சட்டை, கழுத்தை மூடும் துணி, கயிறு வைத்த தொப்பி, தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் கண்ணாடி. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கத்திரி நாட்களில் மோரும் உப்பும் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மீனவர்கள் பழைய சோறும் வெங்காயமும் கொண்டுவருவார்கள். கொடுத்தால் மறுக்காமல் சாப்பிடுங்கள், அந்த வெயிலுக்கு அதைவிட ஏற்ற உணவு கிடையாது.

மீன் முள் குத்தினால்?

கெளுத்தியின் முள்ளும் திருக்கையின் வால்முள்ளும்தான் அடிக்கடி குத்துபவை. வலி உயிர் போகும். பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில், ஏறக்குறைய 45 டிகிரி, குத்திய இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்தால் வலி தணியும். ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது அதற்குத்தான். வலி தணிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், முள் துண்டு உள்ளே இருக்கலாம். வலக்கடியன் என்னும் கடல்பாம்பு தூண்டிலில் மாட்டினால் வேடிக்கை பார்க்காமல் நரம்பை அறுத்துவிடுங்கள், அது கொடிய விஷம். பேத்தை மீனைச் சமைக்கவே கூடாது.

கள்ளக்கடல் என்கிறார்களே, அது என்ன?

வெகு தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிவாரத்தில் வீசும் புயலால் எழும் நீண்ட அலைகள், நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்வது. இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கடல் திடீரென்று ஏறும். கோடை மாதங்களில்தான் அதிகம், தென் மாவட்டங்களில் குறிப்பாக. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப்போனது இப்படிப்பட்ட நாளில்தான்.

ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் முந்தைய இரவு அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் படகுப் பயணம் மட்டுமில்லை, பாறைமேல் நின்று தூண்டில் போடுவதும் வேண்டாம். படகுப் பயணத்தையாவது மீனவர் தடுப்பார். பாறையில் தனியாக நிற்பவரைத் தடுக்க ஆளில்லை.

நீச்சல் தெரியாது. குழந்தைகளும் வர ஆசைப்படுகிறார்கள். முடியுமா?

உயிர்க்கவசத்தைக் கரையிலேயே மாட்டி, கரைக்கு வந்து இறங்கும்வரை கழற்றாமல் இருந்தால் நீச்சல் தெரியாதவரும் வரலாம். நன்றாக நீந்துபவரும் அதே மாதிரி மாட்டித்தான் ஆக வேண்டும். காலையில் காற்று கடலை நோக்கி வீசும் என்று சொன்னேன் அல்லவா, எஞ்சின் நின்றால் படகு கரையை விட்டு விலகித்தான் போகும். அதனால் நங்கூரமும் நீளமான கயிறும் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. கொஞ்ச தூரம் போனதும் செல்பேசிக்கு சிக்னல் போய்விடும் என்பதால் வயர்லெஸ் உள்ள படகு கிடைத்தால் நல்லது.

குழந்தைகளை அலை உடையும் கரையிலிருந்து கடலுக்கு ஏற்றாதீர்கள். கழியில், அமைதியான தண்ணீரில், கைத்தூண்டிலில் கிழங்கான் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். அவர்களுக்கு அது போதும், இரண்டு மணி நேரத்தில் அலுப்பும் தட்டிவிடும்.

படகில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். குடித்துவிட்டு வராதீர்கள், கடலில் குடிக்கவும் வேண்டாம். அறுந்த நரம்பைத் தண்ணீரில் போடாமல் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். வலை போட்டிருக்கும் இடத்தின் குறுக்கே லூர் இழுக்கச் சொல்லாதீர்கள். பக்கத்து ஊர்க்காரர் வலை கிழிந்தால், அந்தச் சண்டையை நீங்கள் போன பிறகு உங்கள் வழிகாட்டிதான் சந்திக்க வேண்டும். வயதில் மூத்தவரை அண்ணா, ஐயா என்று கூப்பிடுங்கள். "டிரைவர்" என்று ஒருவர் கூப்பிட்டதை ஒருமுறை கேட்டேன், எனக்கே என்னவோபோல் இருந்தது.

ஊர்த் திருவிழா, துக்கம் என்றால் ஊர்ப் பஞ்சாயத்து முடிவுப்படி ஒருவரும் கடலுக்குப் போக மாட்டார்கள். தெற்கே கிறிஸ்தவ மீனவ ஊர்களில் ஞாயிறு ஓய்வு. தேதி குறிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மீனும் கிடைக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது, கேட்கவும் கூடாது. எரிபொருள் எரிந்திருக்கிறது, இரண்டு பேர் விடியலிலிருந்து வெயிலில் நின்றிருக்கிறார்கள். தண்ணீர் கலங்கியிருந்ததா, வெள்ளம் வலுத்ததா, இரைமீன் கூட்டம் வடக்கே போய்விட்டதா என்று அவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் காரணம் சொல்வார். அந்தக் காரணத்தைத் தேதி, அமாவாசை பௌர்ணமிக் கணக்கு, வெள்ளத்தின் திசையோடு ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்து எந்த நாளில் வரலாம் என்று அங்கேயே பேசிவிட்டுக் கிளம்புங்கள். ஜூன் 14 நள்ளிரவோடு விசைப்படகுகள் மறுபடி இறங்கிவிடும் என்பதால், அதற்கு முந்தைய வாரங்களுக்குச் சீக்கிரமே தேதி கேட்டு வைப்பது நல்லது.